தாயகம் திரும்பியோர் வீட்டுப் பிள்ளைகளும் கிரீன் கார்டு வரிசையும்

கோத்தகிரி, கூடலூர் பக்கத்து டேன்டீ (தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டக் கழகம்) குடியிருப்புகளில் வளர்ந்து, இன்று அமெரிக்காவில் எச்-1பி எனும் தற்காலிக வேலை விசாவில் பணிபுரிபவர்கள், நிறுவனம் நிரந்தரமாகத் தங்கும் உரிமையான கிரீன் கார்டுக்கு ஸ்பான்சர் செய்ய ஒப்புக்கொண்டதும் முதலில் பார்க்க வேண்டியது தங்கள் பிறந்த ஊரை. வேலைவாய்ப்பு வழியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,40,000 இடங்களே உண்டு. பொதுவாக எந்த நாட்டுக்கும் அதில் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது என்பதால், இந்தியாவில் பிறந்தவர்கள் பல ஆண்டுகள் காத்திருக்க நேர்கிறது. ஆனால் இந்த வரிசை குடியுரிமையைப் பார்ப்பதில்லை, பிறந்த நாட்டைத்தான் பார்க்கிறது. இலங்கைத் தோட்டங்களில் இருந்த இந்திய வம்சாவளியினரில் ஒரு பகுதியினரைத் தாயகம் திருப்பிய 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தால் கப்பலேறி வந்த குடும்பங்களில், நுவரெலியாவிலோ பதுளையிலோ பிறந்து கைக்குழந்தையாக வந்தவர், இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தாலும் இலங்கையில் பிறந்தவராகவே கணக்கிடப்படுவார். அந்த வரிசையிலும் காத்திருப்பு உண்டு என்றாலும், இந்திய வரிசையோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. கணவனோ மனைவியோ அங்கே பிறந்திருந்தால், இருவரும் சேர்ந்து விண்ணப்பிக்கையில் மற்றவரும் அந்த வரிசைக்கு வந்துவிடலாம். பெற்றோர் மட்டும் அங்கே பிறந்திருப்பதால் பயனில்லை.

நடைமுறை மூன்று கட்டமானது. அமெரிக்காவில் தகுந்த ஆள் கிடைக்கவில்லை என்று காட்டி, அந்நாட்டுத் தொழிலாளர் துறையிடம் பெர்ம் எனும் சான்று கேட்பது நிறுவனத்தின் வேலை. அதற்கான வழக்கறிஞர் கட்டணத்தையும் நிறுவனமே ஏற்க வேண்டும் என்பது சட்டம், ஆகவே "பாதியை நீங்கள் கொடுங்கள்" என்று கேட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்த பெர்ம் மனு சேர்ந்த நாளே, வரிசையில் உங்கள் இடத்தைக் குறிக்கும் முன்னுரிமைத் தேதி. சான்று கிடைத்த 180 நாட்களுக்குள் நிறுவனம் உங்களுக்காக ஐ-140 எனும் குடியேற்ற மனுவைக் கொடுக்க வேண்டும். பிறகு அமெரிக்க அரசு மாதந்தோறும் வெளியிடும் விசா புல்லட்டினில் உங்கள் தேதிக்கு முறை வந்ததும், அமெரிக்காவிலேயே இருப்பவர் கிரீன் கார்டுக்கான ஐ-485 விண்ணப்பத்தைக் கொடுப்பார்.

சிக்கல் பெரும்பாலும் காகிதத்தில்தான் இருக்கிறது. எங்கள் அத்தானின் இலங்கைப் பிறப்புச் சான்றிதழ் தகரப் பெட்டியில் நான்காக மடிந்து கிடந்தது. அதில் தோட்டத்தின் பெயரும் தகப்பனார் பெயரும் இருந்தன, குழந்தையின் பெயர் இருக்க வேண்டிய கட்டம் வெறுமையாக இருந்தது. இப்படிப்பட்டவர்கள் பிறப்பைப் பதிந்த பகுதியின் பிரதேச செயலகத்தில் புதிய நகல் கேட்பதோடு, பள்ளிப் பதிவுகளையும், பிறப்பை நேரில் அறிந்த மூத்தவர்கள் இருவரின் உறுதிமொழிப் பத்திரங்களையும் சேர்த்து வைப்பது நல்லது. சிங்களத்திலோ தமிழிலோ உள்ள ஒவ்வொரு தாளுக்கும், மொழிபெயர்த்தவரின் சான்றொப்பத்துடன் ஆங்கிலப் பிரதி வேண்டும்.

பள்ளியில் சேர்க்கும்போது வம்பு வேண்டாமென்று பிறந்த இடத்தைக் கோத்தகிரி என்று எழுதிய பெற்றோர் பலர் உண்டு. அதுவே பாஸ்போர்ட்டிலும் ஏறியிருக்கும். அமெரிக்காவில் இருந்தபடி அங்குள்ள இந்தியத் தூதரகம் வழியே அதைத் திருத்த நாளாகும் என்பதால், பெர்ம் தொடங்கும் மாதத்திலேயே வழக்கறிஞரிடம் இதைச் சொல்லி, திருத்த வேலையையும் தொடங்கிவிடுங்கள்.