வைஃபை பெயரில் நாம் செய்யும் தவறுகள்

புது ரவுட்டர் வந்ததும் சிலர் முதலில் செய்வது, வைஃபை பெயரை மறைத்து வைப்பது. பெயர் தெரியாவிட்டால் யாரும் உள்ளே வர முடியாது என்று நம்புகிறார்கள். அந்த மறைப்பு நம்மைக் காப்பாற்றாது, கொஞ்சம் கெடுதலும் செய்யும்.

செட்டிங்ஸில் எஸ்எஸ்ஐடி என்று இருப்பதுதான் இந்தப் பெயர். ரவுட்டர் வழக்கமாக நொடிக்குச் சுமார் 10 முறை அதைக் காற்றில் அறிவிக்கிறது. அந்த அறிவிப்புக்கு பீக்கன் என்று பெயர். மறைத்தாலும் பீக்கன் நிற்காது. அதில் பெயர் இருக்க வேண்டிய இடம் மட்டும் காலியாகப் போகும். அப்புறம் உங்கள் போன்தான் பெயரைச் சொல்லி, இருக்கிறாயா என்று தேட வேண்டும். வீட்டில் மட்டும் இல்லை, போகிற இடத்திலெல்லாம் அப்படித் தேடக்கூடும். அந்தக் கேள்வி வெளிப்படையாகவே போவதால், அருகில் கவனிப்பவருக்குப் பெயர் சுலபமாகக் கிடைத்துவிடும். மறைக்காமல் விட்டுவிடுங்கள். பூட்டு கடவுச்சொல்தான், பெயர் இல்லை.

அதற்காகப் பெயர் எதுவாக இருந்தாலும் சரி என்று சொல்ல மாட்டேன். டபிள்யூபிஏ2 என்ற வைஃபை பாதுகாப்பு முறையில் கடவுச்சொல்லோடு பெயரையும் கலந்து, 4096 சுற்றுக் கணக்குப் போட்டுத்தான் சாவி உருவாகிறது. ஆயிரக்கணக்கான வீடுகளில் ஒரே பெயர் இருந்தால், அந்தப் பெயருக்கான சாவிகளை முன்கூட்டியே கணக்கிட்டு வைத்துக்கொண்டு திருட முயல்பவருக்கு வேலை மிச்சம். பெட்டியிலிருந்து வந்த பெயர் பல நேரம் ரவுட்டரின் நிறுவனத்தையும் மாடலையும் காட்டிக்கொடுக்கும். ஆகவே மாற்றுங்கள். ஆனால் வீட்டு எண், குடும்பப் பெயர், போன் எண் எதையும் அதில் போட வேண்டாம். தெருவில் நடப்பவர் எல்லோரும் படிக்கும் பலகை அது. கடவுச்சொல் பலவீனமாக இருந்தால் பெயர் மாற்றியும் பயனில்லை என்பதையும் மறக்க வேண்டாம்.

பெயரைப் பார்த்து நம்புவது இன்னொரு தவறு. ஒரே பெயரை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், தடுக்க எந்த ஏற்பாடும் இல்லை. கடவுச்சொல் இல்லாத பொது வைஃபையில் ஒருமுறை சேர்ந்திருந்தால், அதே பெயரில் வேறொருவர் வைத்த வலையிலும் போன் தானாகச் சேரக்கூடும். வேலை முடிந்ததும் அந்தப் பெயரைப் போனிலிருந்து நீக்கிவிடுங்கள்.

ரவுட்டரின் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைகள் இரண்டுக்கும் ஒரே பெயரா, தனித்தனியா? என் கருத்தில் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல்தான் நல்லது. வீட்டுக்குள் நடக்கும்போது போன் தேவைக்கேற்ப மாறிக்கொள்ளும். பெயர் ஒன்றாகவும் கடவுச்சொல் வேறாகவும் இருந்தால்தான் தலைவலி: ஓர் அறையில் வேலை செய்யும், அடுத்த அறையில் அறுந்துபோகும். ஸ்மார்ட் பல்பு போன்ற பல கருவிகளுக்கு 2.4 மட்டுமே தெரியும். அவற்றை இணைக்கும்போது மட்டும் 5ஐ அணைத்துவிட்டு, அப்புறம் திரும்பப் போடுங்கள்.

தமிழில் பெயர் வைக்க ஆசைப்படுபவர்களுக்கு ஒரு கணக்கு. பெயருக்கான எல்லை 32 எழுத்து என்று சொல்வார்கள். உண்மையில் அது 32 பைட், அதாவது கணினி எழுத்தைச் சேமிக்கும் அளவில் 32. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். தமிழில் அ, ப போன்ற ஒவ்வொன்றுக்கும் 3 பைட், புள்ளிக்கும் கொம்புக்கும் தனியாக 3 பைட். ‘அன்பு இல்லம்’ என்பது நம் கண்ணுக்கு 7 எழுத்துதான், கணக்கில் 34 பைட் ஆகிவிடுகிறது. இடைவெளியை எடுத்துவிட்டாலும் 33. ‘அன்பு’ மட்டும் என்றால் 15தான், தாராளமாக வைக்கலாம்.

ரவுட்டர் மாற்றும்போது பழைய பெயரையும் கடவுச்சொல்லையும் அப்படியே கொடுத்தால் பெரும்பாலான கருவிகள் தாமாகவே சேர்ந்துவிடும். நான் ஒருமுறை பெயரின் கடைசியில் தெரியாமல் ஓர் இடைவெளி விட்டுவிட்டேன். திரையில் இரண்டு பெயரும் ஒன்றுபோலவே இருந்தன, பிரிண்டர் முதல் டிவி வரை எதுவும் சேரவில்லை. அரை நாள் போனது. ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து மாறினாலும் இதே கதிதான்.