கூரைமீது சாய்ந்த மரத்தை அகற்றிய அனுபவம்

புயலில் வேரோடு பெயர்ந்து எங்கள் வீட்டுக் கூரைமீது சாய்ந்த மரத்தின் கிளையொன்று மின்கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்ததால், மின்சாரம் துண்டிக்கப்பட்டதை மின்துறையினர் உறுதிசெய்யும்வரை எவரையும் நான் அருகே விடவில்லை. காப்பீட்டுக்காகச் சேதத்தைப் படமெடுத்த பின், பயிற்சி பெற்ற மரம் வெட்டுபவர்களை அழைத்தேன். அவர்கள் அடிமரத்தில் கைவைக்காமல், கிளைகளை ஒவ்வொன்றாகக் கயிற்றில் கட்டி இறக்கிக் கூரையின் பாரத்தைக் குறைத்தார்கள். வளைந்து கிடக்கும் மரத்தில் ஒரு பக்கம் அமுங்கியும் மறுபக்கம் இழுபட்டும் இருக்கும் என்பதால், அமுங்கிய பக்கத்தில் முதலில் சிறிதளவு அறுத்து, பிறகு இழுபட்ட பக்கத்தில் வெட்டை முடித்தார்கள். இந்த வரிசை மாறினால் ரம்பம் சிக்கலாம், மரம் பிளந்து தெறிக்கலாம். பலரும் கவனிக்காத பேராபத்து வேரடியில்தான் இருக்கிறது: அடிமரத்தை அறுத்ததும் மண்ணோடு பெயர்ந்த வேர்த்தொகுதி திடீரென நிமிர்ந்து குழிக்குள் விழக்கூடும் என்பதால், குழந்தைகளை அந்தப் பக்கமே அண்டவிடாதீர்கள். கூரையின் திறப்பை அன்றே தார்ப்பாயால் மூடினோம்.