ரொறன்ரோ – கட்டுநாயக்கா: எத்தனை கிலோமீற்றர், எத்தனை மணித்தியாலம்?

"டுபாய் வழியோ, லண்டன் வழியோ, எது கிட்ட?" ஊருக்கு டிக்கெட் போட உட்காரும்போதெல்லாம் எங்கள் வீட்டில் இந்தக் கேள்வி வரும்.

சுவரில் தொங்கும் உலக வரைபடத்தை நம்பி இதற்கு விடை சொல்லாதீர்கள். பிள்ளைகளின் பூகோள உருண்டையை எடுங்கள். ரொறன்ரோவில் ஒரு நூலின் நுனியை விரலால் அமர்த்திப் பிடித்து, மறுநுனியை இலங்கை வரை இறுக்கி இழுங்கள். நூல் அத்திலாந்திக்கின் நடுவால் போகாது. கிறீன்லாந்தின் மேலாக ஏறி, ரஷ்யாவுக்குள் இறங்கி வரும். அதுதான் ஆகக் குறுகிய வழி, ஏறத்தாழ 14,000 கிலோமீற்றர். ஆனால் நேரடி விமானம் இல்லை. 2022இலிருந்து கனடிய விமானங்களுக்கு ரஷ்ய வான்வெளியும் பூட்டு.

சரி, நடைமுறைக்கு வருவோம். ரொறன்ரோ–டுபாய் 11,100, டுபாய்–கொழும்பு 3,300. ரொறன்ரோ–லண்டன் 5,700, லண்டன்–கொழும்பு 8,700. கூட்டிப் பாருங்கள், இரண்டும் 14,400! தூரத்தை வைத்து வழி தெரிவுசெய்வது வீண்வேலை.

இணையத்தில் தூரம் பார்க்கும்போது ஊர்ப் பெயரை விட விமான நிலையக் குறியீட்டைக் கொடுப்பது நல்லது. கொழும்புக்குப் போகும் கட்டுநாயக்கா நிலையத்துக்கு சி.எம்.பி., யாழ்ப்பாணத்துப் பலாலிக்கு ஜே.ஏ.எஃப். விடை எந்த அலகில் வருகிறது என்றும் கவனியுங்கள். ரொறன்ரோ–கொழும்பு 8,700 என்று காட்டினால் அது மைல். 7,560 என்றால் கடல் மைல்.

பறக்கும் நேரத்துக்கு என் கைக்கணக்கு இது: கிலோமீற்றரை 900ஆல் பிரித்து, ஏற இறங்க அரை மணித்தியாலம் கூட்டுவேன். டுபாய்க்குப் பன்னிரண்டே முக்கால் வரும், டிக்கெட்டிலும் கிட்டத்தட்ட அதுதான் இருக்கும். திரும்பி வரும்போது ஒரு மணித்தியாலமாவது கூடும். உயரத்தில் மேற்கிலிருந்து அடிக்கும் காற்றை எதிர்த்து வரவேண்டும் அல்லவா?

ஆட்கள் பிழைவிடுவது டிக்கெட்டில் உள்ள நேரத்தைக் கழிக்கும்போதுதான். அங்கே அச்சாவது அந்தந்த ஊர் நேரம். ஜூலையில் வெள்ளி இரவு 10க்கு ரொறன்ரோவில் ஏறி, டுபாயில் மாறி, ஞாயிறு காலை 8.30க்கு கட்டுநாயக்காவில் இறங்குகிறீர்கள் என்று வையுங்கள். கடிகாரப்படி 34½ மணித்தியாலம். இலங்கை நேரம் ரொறன்ரோவுக்கு ஒன்பதரை மணித்தியாலம் முந்தியது, அதைக் கழியுங்கள், 25. குளிர்காலம் என்றால் கழிக்கவேண்டியது பத்தரை. அந்த 25இல் பறப்பது 17தான். மிச்சம் எட்டும் டுபாய்க் கதிரையில். வயதானவர்களோடு போகிறவர்கள் விலைக்கு முன்னால் இந்த எட்டைத்தான் பார்க்கவேண்டும். அதற்காக ஒன்றரை மணித்தியாலத்தில் விமானம் மாறும் டிக்கெட்டையும் நான் எடுக்கமாட்டேன். முதல் விமானம் கொஞ்சம் பிந்தினாலும் அடுத்தது போய்விடும்.

யாழ்ப்பாணம் போகிறவர்களுக்குக் கணக்கு இன்னும் முடியவில்லை. கட்டுநாயக்காவிலிருந்து நூல் பிடித்தால் 280 கிலோமீற்றர்தான், ஆனால் ரோட்டால் வான் வண்டியில் ஏழு, எட்டு மணித்தியாலம். இடையில் தேத்தண்ணிக்கு நிறுத்தினால் அதுவும் வேறு. கொழும்பை விட்டு சென்னை வழியாகப் போனால், அங்கிருந்து பலாலிக்கு வான்வழி 360 கிலோமீற்றர். சின்ன விமானம் என்பதால் என் 900 கணக்கு அங்கே செல்லாது. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். தனித்தனி டிக்கெட் என்றால் சென்னையில் குடிவரவைத் தாண்டிப் பெட்டியை எடுத்து, திரும்பக் கொடுக்கவேண்டி வரும். கனடா பாஸ்போட்காரர் அதற்கு இந்திய விசாவை முன்கூட்டியே எடுத்து வையுங்கள்.