டேஷ்கேம் வயரிங்: பியூஸ் பாக்ஸில் கை வைக்கும் முன்

போன வாரம் வேடசந்தூரில் இருந்து ஒரு தம்பி தோஸ்த் வண்டியோடு வந்தார். டேஷ்கேம் (ரோட்டைப் பதிவு செய்யும் கண்ணாடி கேமரா), அதற்குப் பியூஸ் பாக்ஸில் இருந்து கரண்ட் எடுக்கும் ஹார்டுவயர் கிட் எல்லாம் ஆன்லைனில் வாங்கி, வீடியோ பார்த்து அவரே மாட்டியிருக்கிறார். "கேமரா ஓடுதுண்ணே, அப்பப்போ கட் ஆகுது, அது கார்டு கோளாறு. காலையில வண்டிதான் செல்ஃப் எடுக்க மாட்டேங்குது" என்றார். டேஷ்போர்டுக்குக் கீழே குனிந்து பார்த்தேன். சிவப்பு வயரும் மஞ்சள் வயரும் ஒன்றாக முறுக்கி ஒரே பியூஸில் ஏற்றியிருந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆறு வருடத்துக்கு முன்னால் என் சொந்த பொலேரோ பிக்கப்பில் நான் செய்ததும் இதே வேலைதான்.

ஜாயின்டில் டேப் சுற்றாதது, வயரைக் கதவு இடுக்கில் விட்டு நசுக்குவது எல்லாம் செய்த அன்றே தெரிந்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன். அன்றே தெரியாத தவறுகள் மட்டும் இங்கே.

இரண்டு வயரையும் முறுக்கி ஒன்றாக்குவது

கிட்டில் மூன்று வயர் வரும். ஒன்று எர்த். ஒன்று எப்போதும் கரண்ட் இருக்கும் பியூஸுக்கு; இதைத்தான் நேர் கரண்ட் என்கிறேன். மூன்றாவது, சாவி திருப்பினால் மட்டும் கரண்ட் வரும் பியூஸுக்கு. இந்த மூன்றாவது வயரில் கரண்ட் நின்றால்தான் 'வண்டியை நிறுத்திவிட்டார்கள்' என்று கேமராவுக்குத் தெரியும். உடனே பார்க்கிங் மோடுக்குப் போய், ஏதாவது அசைந்தால் மட்டும் பதிவு செய்யும். இரண்டையும் முறுக்கி நேர் கரண்டில் கொடுத்தால், வண்டி ராத்திரி முழுக்க ஓடிக்கொண்டிருப்பதாகவே கேமரா நினைக்கும்.

வீடியோக்களில் இரண்டையும் முறுக்கிக் காட்டுகிறார்களே என்பார்கள். காட்டுவது உண்மைதான். அது பார்க்கிங் மோடு வேண்டாம் என்பவர்களுக்கு, சாவி போட்டால் வரும் பியூஸில் கொடுப்பதற்கு. பாதி வீடியோவில் எழுந்து போய் வண்டியைத் திறப்பவர்களுக்கு அந்த மீதிப் பாதி தெரியாது. எனக்கும் தெரிந்திருக்கவில்லை.

அப்போது போகிக்கு முந்தின வாரம் கேமரா மாட்டினேன். போகி சாயங்காலம் வண்டியை வீட்டு முன்னால் நிறுத்திவிட்டுச் சாவியைக் கழற்றினேன். காணும் பொங்கலுக்கு மறுநாள் விடியற்காலை மூன்று மணிக்கு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் முருங்கைக்காய் லோடு, கொச்சிக்குப் போக வேண்டும். சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். தள்ளிப் பார்த்தோம், எடுக்கவில்லை. பக்கத்துத் தெருவில் ஒருவரை எழுப்பி, ஜம்பர் கேபிள் போட்டுக் கிளப்பும்போது ஐந்தரை. லோடு வேறு வண்டியில் போய்விட்டது.

கார்டைப் போட்டுப் பார்த்தேன். 64 ஜிபி கார்டு சுமார் எட்டு மணி நேரம்தான் தாங்கும். நிறைந்ததும் பழையதை அழித்து அதன் மேலேயே எழுதும். எட்டு மணி நேரமும் எதிர்வீட்டுச் சுவர், அதன் முன்னால் கொம்புக்கு வர்ணம் அடித்த மாடு. காணும் பொங்கல் மதியத்தோடு படம் நின்றிருந்தது.

கணக்கு எளிது. கேமரா 0.4 ஆம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள். போகி மாலையில் இருந்து காணும் பொங்கல் மதியம் வரை ஏறக்குறைய 66 மணி நேரம். 26 ஆம்பியர்-ஹவர் காலி. பேட்டரி மேல் 75 என்று எழுதியிருந்தாலும், மூன்று வருடப் பழசில் பாதி இருந்தாலே பெரிசு.

பேட்டரி இறங்கினால் கேமராவை நிறுத்திவிடும் கட்-ஆஃப் கிட்டில் இருக்கிறதே என்பீர்கள். இருந்தது. நான் அதை 11.6 வோல்ட்டில் வைத்திருந்தேன், ரொம்ப நேரம் பதிவாகட்டும் என்று! ஓய்வில் இருக்கும் 12 வோல்ட் பேட்டரி நிறைய சார்ஜில் 12.6 காட்டும். 12.2 என்றால் பாதி. 11.8 என்றாலே தரை தட்டிவிட்டது. 11.6இல் கேமரா நிற்பதற்குள் பேட்டரி செத்திருக்கும். அப்படி ஒருமுறை அடிவரை இறங்கினால் உள்ளே தட்டுகளில் சல்பேட் படிந்துவிடும், பழைய தெம்பு திரும்பாது. அந்த பேட்டரி இரண்டு மாதத்தில் போனது. 7,000 ரூபாய்க்கு மேல் செலவு, லோடு வாடகை தனி.

பிக்கப்பில் கட்-ஆஃப் 12.2இல் வையுங்கள், பழைய பேட்டரி என்றால் 12.4. ராத்திரி வண்டி வீட்டு வாசலிலேயே நிற்கிறது என்றால் பார்க்கிங் மோடே வேண்டாம்.

சாவியைக் கழற்றிய உடனே மீட்டர் வைப்பது

எந்த பியூஸ் நேர் கரண்ட் என்று வோல்ட் மீட்டர் வைத்துத்தான் பார்க்க வேண்டும். ஆனால் புது வண்டிகளில் சில பியூஸில் சாவி கழற்றிய பிறகும் கொஞ்ச நேரம் கரண்ட் நிற்கும். கதவை மூடிவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வந்து பாருங்கள், கால் மணி நேரமாவது. அப்போதும் 12 காட்டினால்தான் அது நேர் கரண்ட்.

ஏர்பேக், ஏபிஎஸ், இசிஎம் பியூஸ்

காற்றுப்பை, பிரேக், இன்ஜின் கம்ப்யூட்டர் இவற்றின் பியூஸில் இருந்து கேமராவுக்குக் கரண்ட் எடுக்காதீர்கள், தொடாதீர்கள். ரூம் லைட், சிகரெட் லைட்டர், ரேடியோ எல்லாம் எதற்கு இருக்கிறது?

பியூஸ் டேப்பைத் திருப்பி மாட்டுவது

ஒட்டுகிற டேப் இல்லை. ஒரே ஓட்டையில் இரண்டு பியூஸ் நிற்க வைக்கும் அந்தக் குட்டி ஹோல்டர். அதற்குத் திசை உண்டு. திருப்பி மாட்டினாலும் கேமரா வேலை செய்யும், அதனால் யாரும் கவனிப்பதில்லை. ஆனால் கேமரா இழுக்கும் கரண்டும் வண்டியின் பழைய பியூஸ் வழியாகவே போகும். சோதிக்க ஒரு சுலப வழி: வண்டியின் பியூஸை ஹோல்டரில் போடாமல், கேமராவுக்கான பியூஸை மட்டும் போட்டு மாட்டுங்கள். சாவி போட்டதும் வயரில் கரண்ட் வந்தால் திசை சரி. வரவில்லை என்றால் பிடுங்கித் திருப்பி மாட்டுங்கள்.

மினி பியூஸ் இடத்தில் பெரிய சைஸ் ஹோல்டரை அழுத்தி ஏற்றாதீர்கள். உள்ளே இருக்கும் கிளிப் விரிந்துவிட்டால் அப்புறம் எந்த பியூஸும் இறுக்கமாக நிற்காது, சூடாகும்.

வயர் நிறத்தை நம்புவது

ஒரு கிட்டில் மஞ்சள் நேர் கரண்ட், இன்னொன்றில் சிவப்பு. வயரில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படியுங்கள்.

எர்த்

எர்த் வயரை பெயின்ட் அடித்த போல்ட்டிலோ, பிளாஸ்டிக்கில் ஏறும் ஸ்குரூவிலோ கொடுப்பது. கிளட்ச் பெடலுக்கு இடப்பக்கம் பாடியில் கம்பெனி எர்த் போல்ட் இருந்தால் அதிலேயே கொடுங்கள்; இல்லையென்றால் பாடியோடு சேர்ந்த போல்ட்டைக் கழற்றி, பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு இறுக்குங்கள். வேடசந்தூர் தம்பி பியூஸ் பாக்ஸ் மூடியைப் பிடிக்கும் ஸ்குரூவில் சுற்றியிருந்தார். பள்ளத்தில் வண்டி குலுங்கும்போதெல்லாம் கேமரா அணைந்து எரிந்திருக்கிறது. கார்டு கெட்டுப்போனதென்று இரண்டு கார்டு மாற்றிவிட்டாராம். இரண்டும் நல்ல கார்டுதான். ஒன்றை என்னிடமே கொடுத்துவிட்டுப் போனார்.