சரளைக் குவாரி நடத்துகிறீர்களா? மேல்மண்ணைத் தொலைத்துவிடாதீர்கள்

சரளை எல்லாம் எடுத்து முடித்த பிறகு குழியை என்ன செய்யலாம் என்று யோசிப்பவர்கள்தான் அதிகம். அந்த நேரத்தில் இயந்திரங்கள் வேறு இடத்துக்குப் போயிருக்கும், விற்பதற்குச் சரக்கு இருக்காது, மேல்மண் எந்தக் குவியலுக்கு அடியில் கிடக்கிறது என்று யாருக்கும் நினைவிருக்காது. செலவு மட்டும் அப்படியே நிற்கும். அதனால் முதல் லோடு வெளியே போகும் முன்பே, கடைசியில் அந்த நிலம் வயலா, மேய்ச்சல் நிலமா, காடா, ஏரியா என்று முடிவு செய்துவிடுங்கள். நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே தோண்டப் போகிறீர்கள் என்றால் பெரும்பாலும் ஏரிதான். இல்லை, மண் கொட்டி மேடாக்கி வயலாக்குவேன் என்றால் அவ்வளவு மண் எங்கிருந்து வரும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள், ஆசை தானாகவே அடங்கிவிடும்.

அடுத்தது மேல்மண். பல நிலங்களில் அது 15 முதல் 30 செ.மீ. தடிமன்தான் இருக்கும், அதற்குள்தான் விதைகளும் வேர்ப்பூஞ்சைகளும் மக்கிய பொருளும் எல்லாம் இருக்கின்றன. அதைத் தனியாக வழியுங்கள், அடிமண்ணைத் தனியாக எடுங்கள், இரண்டையும் ஒரே குவியலில் கொட்டினால் பிறகு பிரிக்கவே முடியாது. ஈரமாக இருக்கும்போது தொடாதீர்கள். ஒரு பிடி மண்ணை உள்ளங்கையில் உருட்டிப் பாருங்கள், நூல் போலத் திரிந்தால் இன்னும் சில நாள் காயட்டும். குவியல் 2 அல்லது 3 மீட்டருக்கு மேல் உயர வேண்டாம், ஏனென்றால் உயர உயர அடியில் காற்றில்லாமல் மண்ணின் உயிர் போய்விடுகிறது. சில மாதங்களுக்கு மேல் கிடக்கும் என்றால் பயறு வகைச் செடியோ புல்லோ விதைத்துவிடுங்கள், மேலே வண்டி ஏற விடாதீர்கள், ஒரு பலகையும் நட்டு வையுங்கள். பலகை எதற்கு என்று கேட்கலாம். புதிதாக வந்த பொக்லைன் ஓட்டுநர் அதை அள்ளிப் பாதை போட்டுவிடுவார், அதற்குத்தான்.

உண்மையில் மேல்மண்ணைக் குவிக்காமல் இருப்பதுதான் இன்னும் நல்லது. குவாரியைப் பட்டை பட்டையாகப் பிரித்துக்கொண்டு, அடுத்த பட்டையில் வழித்த மண்ணை, வேலை முடிந்த பட்டையில் அன்றைக்கே பரப்பிவிடுங்கள். ஒரே மண்ணை இரண்டு முறை அள்ளும் செலவு மிச்சம், உள்ளே இருக்கிற விதைகளும் உயிரோடு போய்ச் சேரும். ஆனால் பரப்பும் முன் கீழே உள்ள தரையை ரிப்பரால், அதாவது புல்டோசரின் பின்னால் மாட்டும் இரும்புக் கொக்கியால், 50, 60 செ.மீ. ஆழத்துக்குக் கிழித்துவிட வேண்டும். டிப்பர் ஓடி ஓடிக் கல்லாகிப் போன தரைமேல் எவ்வளவு நல்ல மண்ணைப் போட்டாலும், தண்ணீர் இறங்காமல் செடி அழுகும் அல்லது வெயிலில் காயும்.

சரிவுக்கு வருவோம், ஏமாறுகிற இடம் இதுதான். தளர்வான சரளை சுமார் 35 டிகிரியில் தானாக நின்றுவிடும், ஆனால் அந்தச் சாய்வில் மண்ணும் தங்காது, செடியும் பிடிக்காது. பொதுவாக 1 மீட்டர் உயரத்துக்கு 3 மீட்டர் கிடை என்று சாய்ப்பார்கள். 10 மீட்டர் ஆழக் குழிக்கு அது 30 மீட்டர் அகலம். மேல்பாதியை வெட்டிக் கீழ்பாதியில் நிரப்பினாலும் எல்லையிலிருந்து 15 மீட்டர் உள்ளே வெட்டை நிறுத்தியிருக்க வேண்டும். வேலிவரை செங்குத்தாக எடுத்துவிட்டு, பிறகு சரிவுக்கு வெளியிலிருந்து மண் வாங்கிக் கொட்டுவது விற்ற சரளையையே திரும்ப விலைக்கு வாங்குகிற கதை. ஏரியாக விடுவதானால் கரையோரம் இன்னும் படுக்கையாக, 1க்கு 5 முதல் 10 வரை இருக்கட்டும். காலடி வைத்ததும் ஆழமாகிற கரை ஆளை விழுங்கும், நாணலும் அங்கே வேர்விடாது. இன்னொன்று, செங்குத்தான மணல் முகப்புகளில் பஞ்சுருட்டான்களும் சில தகைவிலான்களும் வளை தோண்டிக் கூடு வைக்கும், ஆகவே சாய்க்கும் வேலையைக் குஞ்சு பொரிக்கும் காலத்துக்கு முன்போ பின்போ வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் முதல் விதி, வெளியிலிருந்து வரும் நல்ல மழைநீர் குழிக்குள் வரவே கூடாது, வாய்க்கால் வெட்டிச் சுற்றி அனுப்புங்கள். சரளை கழுவிய கலங்கல் நீரைப் படிவுக் குட்டையில் விட்டு, தெளிந்ததைத் திரும்பக் கழுவவே பயன்படுத்தலாம். மணல் நொடிகளில் படிந்துவிடும், ஆனால் 2 மைக்ரான் களித்துகள் அசையாத நீரில்கூட ஒரு நாளைக்குச் சுமார் 30 செ.மீ.தான் இறங்கும், அதனால் குட்டையின் பரப்பு முக்கியம், வெறும் ஆழம் அல்ல. நீர் நுழையும் வாயும் வெளியேறும் வாயும் எதிரெதிர் முனையில் இருக்கட்டும், குட்டை பாதி தூர்ந்ததும் வாரிவிடுங்கள்.

குழி ஏரியாகும்போது பக்கத்துக் கிணறுகளும் மாறும். நிலத்தடி நீர் சாய்வாக ஓடுகிறது, ஏரியின் நீர்மட்டமோ சமமாக நிற்கும். ஆகவே நீர் வரும் பக்கத்தில் மட்டம் இறங்கும், போகும் பக்கத்தில் ஏறும். தோண்டுவதற்கு முன்பே கண்காணிப்புக் குழாய்கள் இறக்கி ஒரு வருடமாவது அளந்து வைத்தால்தான், நாளைக்குக் கிணறு வற்றியது என்று யாராவது வந்து கேட்கும்போது பேச ஆதாரம் இருக்கும். டீசல் தொட்டியைச் சுற்றி அதன் கொள்ளளவில் 110 சதவீதம் தாங்கும் தடுப்புத் தொட்டி கட்டுங்கள். சரளையில் சிந்திய எண்ணெய் எங்கும் நிற்காமல் நேராக நீருக்குப் போய்விடும். ஆற்றுக்கு ஒட்டித் தோண்டவே வேண்டாம், வெள்ளத்தில் கரை உடைந்து ஆறு குழிக்குள் திரும்பினால், மேல்நோக்கி ஆற்றுப்படுகை அரித்துக்கொண்டே போகும், பாலத்தின் அடித்தளம் வரைக்கும்.

தூசிக்குத் தண்ணீர் தெளிப்பு, வண்டி வேகக் கட்டுப்பாடு, கன்வேயரிலிருந்து சரக்கு விழும் உயரத்தைக் குறைப்பது, இவை போதும். ஆனால் சிலிக்கா தூசி நுரையீரலைக் கெடுப்பது திரும்பச் சரிசெய்ய முடியாத கேடு, கிரஷர் பக்கம் வேலை செய்பவர்களுக்கு வெறும் துணி முகமூடி உதவாது. சத்தத்துக்கு மண்கரை போடலாம், ஆனால் அதை அடிமண்ணில் போடுங்கள், மேல்மண்ணில் போட்டால் கடைசிவரை எடுக்க முடியாமல் அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

அப்புறம், விதைத்தாகிவிட்டது என்று போய்விடாதீர்கள். முதல் கனமழை முடிந்த மறுநாளே சரிவை ஒரு முறை நடந்து பாருங்கள், விரல் அகலத்தில் கோடு கோடாக மண் அரித்திருந்தால் அப்போதே மேலே நீர் சேருகிற இடத்தைத் திருப்பிவிட்டு, அரித்த இடத்தை மூடி மறுபடி விதையுங்கள். அடுத்த மழைக்கு விட்டால் அது ஆள் இறங்குகிற பள்ளமாகியிருக்கும்.