அப்கிரேட் செய்த பின் ரெய்ட் எழும்பவில்லையா?

ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் கொமியூனிகேஷனோ டியூட்டரியோ நடத்துகிறீர்கள்; உபுண்டு போட்ட கணினியில் இரண்டு டிஸ்க்கை ரெய்ட் 1 ஆக (ஒரே டேட்டாவை இரண்டிலும் எழுதும் முறை) இணைத்திருக்கிறீர்கள் என்றால் இது உங்களுக்குத்தான். அப்கிரேட் முடிந்து ரீஸ்டார்ட் செய்ததும் கறுப்புத் திரையில் இனிட்ராம்எஃப்எஸ் என்று மட்டும் நிற்கிறதா? பதற வேண்டாம். டேட்டா பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும். கெர்னலோடு சேர்ந்து ஏறும் இனிட்ராம்எஃப்எஸ் என்ற சின்ன இமேஜுக்குள் உங்கள் ரெய்ட் விபரம் சரியாகப் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

கட்டளைகளை ஒலிப்பில் தந்திருக்கிறேன், ஆங்கில எழுத்தில் டைப் செய்யுங்கள்.

1. முதலில் எதையும் மாற்றாமல் பாருங்கள். கேட் கட்டளையால் ப்ராக் டிரெக்டரியில் உள்ள எம்டிஸ்டாட் ஃபைலைத் திறங்கள். சதுர அடைப்புக்குள் இரண்டு 'யூ' இருந்தால் இரண்டு டிஸ்க்கும் நலம். ஒரு 'யூ' இருக்க வேண்டிய இடத்தில் அடிக்கோடு இருந்தால் ஒரு டிஸ்க் விலகிவிட்டது. சாட்டா கேபிள் தளர்ந்திருந்தாலும் இப்படி வரும். 'இன்ஆக்டிவ்' என்றால் ரெய்ட் இன்னும் ஓடவே இல்லை.

2. இன்ஆக்டிவ் என்றால், ரெய்டைக் கையாளும் கட்டளையான எம்டிஏடிஎம் --ஸ்டாப் கொடுத்து, பக்கத்தில் அங்கே தெரியும் பெயரைப் போடுங்கள். அநேகமாக அது எம்டி127 ஆக இருக்கும். அப்புறம் எம்டிஏடிஎம் --அசெம்பிள் --ஸ்கேன். ஒரு டிஸ்க்தான் மிச்சம் என்றால் கூடவே --ரன். ஓடத் தொடங்கியதும் எக்ஸிட் என்று அடித்தால் பூட் தொடரும்.

இந்த இடத்தில் சிலர் அவசரப்பட்டு --கிரியேட் கொடுக்கிறார்கள். கொடுக்கவே கொடுக்காதீர்கள். அது இருக்கும் ரெய்டைத் தேடுவதில்லை; டிஸ்க்கில் புதிய அடையாளத்தை எழுதும். டேட்டா தொடங்கும் இடம் மாறிப்போனால் பழைய ஃபைல்சிஸ்டம் கண்ணுக்கே தெரியாது, அப்புறம் நடக்கும் ரீசிங்க் ஒரு டிஸ்க்கின் மேல் மற்றதை எழுதிவிடும்.

3. உள்ளே வந்ததும் எம்டிஏடிஎம் --டீடெய்ல் --ஸ்கேன் காட்டும் வரியை எம்டிஏடிஎம் கான்ஃப் ஃபைலில் சேர்த்து, பழைய 'அரே' வரியை எடுத்துவிடுங்கள். எந்த டிஸ்க்கை எங்கே இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேபில் எம்டி0 என்று எழுதியிருந்தால் ஃபைல்சிஸ்டத்தின் யூயூஐடிக்கு (அடையாள எண்) மாற்றுங்கள். பெயர் மாறினாலும் அது மாறாது. பிறகு அந்தச் சின்ன இமேஜைப் புதுப்பிக்க அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ -கே ஆல். இதை விட்டால் அடுத்த ரீஸ்டார்ட்டிலும் அதே கறுப்புத் திரைதான்.

4. பழைய பயாஸ் முறையில் பூட் ஆகும் கணினி என்றால், பூட்லோடரைப் பதிக்கும் கிரப்-இன்ஸ்டாலை இரண்டு டிஸ்க்கிலும் செய்யுங்கள், பார்ட்டிஷனில் அல்ல, முழு டிஸ்க்கில்.

விலகிய டிஸ்க்கைத் திரும்பச் சேர்க்க --ஆட். அதற்கு முன் ஸ்மார்ட்சிடிஎல் வைத்து அதன் உடல்நிலையைப் பாருங்கள். ரீபில்ட் எத்தனை வீதம் முடிந்தது என்று எம்டிஸ்டாட்டே காட்டும். மாலையில் இடி முழக்கம் கேட்கும் மாதமென்றால் யூபிஎஸ் இல்லாமல் அதைத் தொடங்காதீர்கள்.