தேதி போன ரீஃபண்ட் செக்கைக் கிழித்துவிடாதீர்கள்: அமெரிக்காவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

அமெரிக்கா வந்த முதல் மூன்று ஆண்டுகளில் நான்கு முறை வீடு மாறினேன். நான்காவது முறை பெட்டி கட்டும்போது, பழைய வாடகை ஒப்பந்தத் தாள்களுக்கு நடுவே பிரிக்காத ஓர் உறை கிடந்தது. கிரெடிட் கார்டு கம்பெனி அனுப்பியது. விளம்பரமாக இருக்கும் என்று எப்போதோ ஒதுக்கி வைத்திருக்கிறேன். பிரித்தால் உள்ளே 200 டாலருக்கு என் பெயரில் ஒரு செக். தேதி ஒன்றரை ஆண்டுக்கு முந்தையது. கையெழுத்துக்கு மேலே பொடி எழுத்தில் ‘180 நாட்களுக்குப் பின் செல்லாது’ என்று அச்சடித்திருந்தது.

இந்தியாவில் 2012 ஏப்ரல் முதல் செக்கின் ஆயுள் மூன்று மாதம்தான். அந்தப் பழக்கத்தில், போனது போனதுதான் என்று கிழிக்கப் போனேன். உதவிக்கு வந்திருந்த நண்பர் தடுத்தார். “தாளுக்குத்தான் தேதி போச்சு, பணம் உங்களோடது. ஒரு ஃபோன் போட்டுப் பாருங்க” என்றார். போட்டேன். மூன்று வாரத்தில் புது செக் வந்தது. அன்று அவர் பக்கத்தில் இல்லாதிருந்தால் அந்த 200 டாலர் குப்பைக்குப் போயிருக்கும். புதிதாக வருகிறவர்களிடம் இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வது அதனால்தான்.

இந்த செக் எங்கிருந்து வருகிறது? புதிதாக வந்தவருக்கு இங்கே கிரெடிட் ஹிஸ்டரி, அதாவது கடன் வாங்கித் திருப்பிக் கட்டிய பதிவு, கிடையாது. அதனால் பலரும் முதலில் எடுப்பது செக்யூர்டு கார்டு. முன்பணம் கட்டினால்தான் அந்தக் கார்டு கிடைக்கும். பிறகு சாதாரண கார்டு கைக்கு வந்ததும் பழையதை மூடிவிடுவோம். முன்பணம் செக்காகத் திரும்பி வரும். என்னுடையது அப்படி வந்ததுதான். பில்லை முழுக்கக் கட்டிய பிறகு பொருளைக் கடையில் திருப்பிக் கொடுத்தாலும், ஒரே மாதத்தில் இரண்டு தடவை பணம் கட்டிவிட்டாலும், கணக்கில் உங்கள் பணம் மிஞ்சி நிற்கும். ஸ்டேட்மென்டில் தொகைக்கு முன்னால் மைனஸ் குறி தெரியும். ரெகுலேஷன் இஸட் என்ற கூட்டாட்சி விதிப்படி, ஒரு டாலருக்கு மேல் அப்படி நிற்கும் பணத்தை எழுத்து மூலம் கேட்டால், கடிதம் கிடைத்த ஏழு வேலை நாட்களுக்குள் அவர்கள் திருப்பித் தர வேண்டும். நீங்கள் கேட்காமலே ஆறு மாதத்துக்கு மேல் கிடந்தால், தாங்களாகவே உங்களிடம் சேர்க்க நேர்மையான முயற்சி எடுக்க வேண்டும். மூடிய கணக்கிலிருந்து திடீரென்று ஒரு நாள் செக் வருவது பெரும்பாலும் இப்படித்தான்.

அந்த நேரம் பார்த்து நாம் வீடு மாறியிருப்போம். தபால் ஆபீசில் முகவரி மாற்றம் கொடுத்தால் கடிதங்களை ஓராண்டு வரை புது வீட்டுக்கு அனுப்புவார்கள். ஆனால் உறையின் மேல் ‘ரிட்டர்ன் சர்வீஸ் ரிக்வெஸ்டட்’ என்று அச்சிட்டிருந்தால் அந்தக் கடிதம் உங்களைத் தேடி வராது, அனுப்பியவருக்கே திரும்பிப் போய்விடும். செக் உள்ள உறைகளில் இந்த வரி சகஜம். ஆகவே தபால் ஆபீசுக்குச் சொன்னதோடு நிற்காமல், மூடிய கார்டு உட்பட ஒவ்வொரு கம்பெனிக்கும் புது முகவரியைத் தனியாகக் கொடுங்கள்.

சரி, பழைய செக் கையில் இருக்கிறது. முதலில் தேதியைச் சரியாகப் படியுங்கள். இங்கே மாதம் முன்னால், நாள் பின்னால். 04/08 என்றிருந்தால் அது ஏப்ரல் 8, ஆகஸ்ட் 4 அல்ல. செக்கின் 180 நாள், அதாவது ஆறு மாதக் கணக்கில் இந்த நான்கு மாதத் தடுமாற்றம் சின்ன விஷயமல்ல.

அந்த ஆறு மாதம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் ஃபோனில் தைரியமாகப் பேசலாம். மாநிலங்கள் ஏற்றுக்கொண்ட வணிகச் சட்டத் தொகுப்பான யூனிஃபார்ம் கமர்ஷியல் கோடின் 4-404 பிரிவு, ஆறு மாதத்துக்கு மேல் பழையதான செக்குக்குப் பணம் தர வேண்டிய கட்டாயம் வங்கிக்கு இல்லை என்கிறது. நல்லெண்ணத்தோடு தந்தாலும் தப்பில்லை. கடமை தளர்வது வங்கிக்கு. கார்டு கம்பெனி உங்களுக்குத் தர வேண்டிய பாக்கி அதனால் அழிந்துவிடாது. செக்கின் மேல் 90 நாள், 180 நாள் என்று அச்சிட்டிருப்பதும் அந்தத் தாளைப் பற்றியதுதான்.

அதற்காக, போட்டுத்தான் பார்ப்போமே என்று மொபைலில் படம் எடுத்து டெபாசிட் செய்துவிடாதீர்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. முதல் நாள் கணக்கில் பணம் ஏறியதுபோல் தெரியும். அதை நம்பி வாடகை கட்டியிருப்பீர்கள். சில நாள் கழித்து செக் திரும்பி வரும், பணத்தைக் கழித்துக்கொள்வார்கள், பல வங்கிகள் அதற்குக் கட்டணமும் போடும். கணக்கு தொடங்கி நாலு மாதம்கூட ஆகாத வங்கியில் திரும்பி வந்த செக் ஒன்று பதிவாவது நல்லதல்ல.

ஃபோன்தான் முதல் வழி. உறையில் இருக்கும் நம்பருக்குப் பதிலாக, கார்டின் பின்பக்கத்திலோ பழைய ஸ்டேட்மென்டிலோ உள்ள நம்பரைக் கூப்பிடுங்கள். செக் நம்பர், தேதி, தொகை, கார்டின் கடைசி நான்கு எண்கள் எல்லாவற்றையும் எதிரே வைத்துக்கொள்ளுங்கள். இந்த செக் இதுவரை பணமாகவில்லை, ஸ்டாப் பேமென்ட் போட்டு (பழையதை நிறுத்திவிட்டு) ரீஇஷ்யூ செய்து (புதிதாக எழுதி) கொடுங்கள் என்று கேளுங்கள். புது முகவரி அவர்கள் பதிவில் ஏறியிருக்கிறதா என்று கேட்காமல் ஃபோனை வைக்காதீர்கள். பழைய வீட்டுக்கே இன்னொரு செக் போய்விட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். முடிந்தால் செக் வேண்டாம், வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள் என்று சொல்லிப் பாருங்கள். பேசியவர் பெயரையும் ரெஃபரன்ஸ் நம்பரையும் பழைய செக்கின் நகலிலேயே எழுதி வையுங்கள். புதியது கணக்கில் தங்கும்வரை பழைய செக்கைக் கிழிக்க வேண்டாம். அதை டெபாசிட் செய்யவும் வேண்டாம்.

பெயர் விஷயம் நம் ஆட்களுக்குத் தனித் தலைவலி. அப்பா பெயர் கடைசிப் பெயராகியிருக்கும், இனிஷியல் முதல் பெயராகியிருக்கும். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் இருந்தவர்களுக்கு முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்என்யூ (முதல் பெயர் தெரியவில்லை என்று பொருள்) என்ற மூன்று எழுத்து வந்து உட்கார்ந்திருக்கும். கார்டில் ஒன்று, வங்கிக் கணக்கில் இன்னொன்று என்று ஆகிவிடும். செக்கில் பெயர் தவறாக இருந்தால், பின்பக்கம் முதலில் செக்கில் உள்ளபடியே கையெழுத்துப் போட்டு, அதன் கீழே உங்கள் சரியான பெயரிலும் போடலாம். வங்கி இரண்டையும் கேட்க உரிமை உண்டு. எப்படியும் ரீஇஷ்யூ கேட்கிறீர்கள் என்றால், உங்கள் வங்கிக் கணக்கில் உள்ளபடி பெயரைத் திருத்தி அனுப்பச் சொல்லுங்கள். கணவன் மனைவி இருவர் பெயரும் இருந்தால் நடுவில் இருப்பது ‘அண்ட்’டா, ‘ஆர்’ரா என்று பாருங்கள். ‘அண்ட்’ என்றால் இருவரும் கையெழுத்திட வேண்டும்.

கார்டு கம்பெனி கைமாறியிருந்தால்? கடைகளின் பெயரில் வரும் கார்டுகள் ஒரு வங்கியிடமிருந்து இன்னொன்றுக்குப் போவது வழக்கம். வங்கியே வேறொன்றோடு இணைந்திருந்தால் வங்கி டெபாசிட்டுகளுக்குக் காப்பீடு தரும் அரசு அமைப்பான எஃப்டிஐசியின் ‘பேங்க்ஃபைண்ட்’ இணையத் தேடலில் பழைய பெயரைக் கொடுத்தால் இப்போதைய பெயர் தெரியும். கம்பெனி இழுத்தடித்தால் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பான சிஎஃப்பிபியில் இணையம் வழியாகப் புகார் கொடுக்கலாம், கட்டணமில்லை.

செக் மிகப் பழையது, பணம் இப்போது எங்களிடம் இல்லை என்று சிலருக்குப் பதில் வரும். அதைக் கேட்டு மனம் விட்டுவிடாதீர்கள். பொதுவாக மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் யாரும் கோராத பணத்தைக் கம்பெனி தன்னிடமே வைத்துக்கொள்ள முடியாது, மாநில அரசிடம் ஒப்படைக்க வேண்டும். ‘அன்கிளெய்ம்ட் ப்ராப்பர்ட்டி’ என்பது இதுதான். எந்த மாநிலம் என்பதற்கு 1965-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த விதி: கம்பெனியின் பதிவேட்டில் உங்களுக்குக் கடைசியாக இருந்த முகவரி எந்த மாநிலமோ, அதற்கே பணம் போகும். நியூ ஜெர்சியில் இருந்தபோது எடுத்த கார்டு, முகவரி மாற்றாமல் டெக்சாஸுக்குக் குடிபெயர்ந்துவிட்டீர்கள் என்றால் நியூ ஜெர்சியில்தான் தேட வேண்டும். ஒவ்வொரு மாநிலத்துக்கும் இலவசத் தேடல் பக்கம் உண்டு. ‘மிஸ்ஸிங்மணி’ தளத்தில் பல மாநிலங்களை ஒரே தடவையில் தேடலாம். பெயரை முன்பின் மாற்றியும், இனிஷியலோடும் இல்லாமலும் தேடுங்கள். அடையாள அட்டையும், அந்தப் பழைய முகவரியில் நீங்கள் இருந்ததற்கு ஒரு சான்றும் கேட்பார்கள். பழைய வாடகை ஒப்பந்தமும் கரன்ட் பில்லும் அங்கே கைகொடுக்கும். பெரும்பாலான மாநிலங்களில் உரிமையாளர் எத்தனை ஆண்டு கழித்தும் கேட்கலாம். பாதிப் பங்கு கொடுத்தால் மீட்டுத் தருகிறோம் என்று எழுதுகிறவர்களுக்குப் பதில் போட வேண்டாம். அவர்கள் செய்வதை நீங்களே உட்கார்ந்து செய்துவிடலாம்.

நீங்கள் கார்டே எடுக்காத கம்பெனியிடமிருந்து செக் வந்து, டெபாசிட் செய்துவிட்டு ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பு என்று கேட்டால் அது மோசடி. தொடவே வேண்டாம்.

ஊருக்கே திரும்பப் போகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. கார்டை மூடும் முன் இருப்பு பூஜ்யத்துக்கு வந்துவிட்டதா என்று பாருங்கள். மிச்சம் இருந்தால் உங்கள் அமெரிக்க வங்கிக் கணக்குக்கு மாற்றச் சொல்லுங்கள். அந்த வங்கிக் கணக்கைக் கடைசியாக மூடுங்கள். டாலர் செக்கை ஊர் வங்கியில் மாற்ற வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும், கட்டணமும் போகும். சின்னத் தொகையாக இருந்தால் அதில் பெரும்பகுதி அந்தக் கட்டணத்துக்கே சரியாகிவிடும்.